ஒரு நங்கையின் நாட்குறிப்பும் ஒரு சீமானின் வாக்கும்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் பெண்ணுக்கு வரன் தேடுவது எத்தகைய காரியம் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பிறந்த ஊரில் 'இன்னார் வீட்டுப் பெண்' என்ற ஒரு சொல்லே போதும். பாட்டனாரின் பெயரும், பங்காளிகளின் பெயரும், வீட்டுத் திண்ணையுங்கூட அவளுக்காகப் பேசிவிடும். மும்பையில் மாதுங்காவிலோ, தில்லியில் கரோல்பாக்கிலோ, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்திலோ குடியிருப்போருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. 'இங்கே நம்மை யாருக்குத் தெரியும்?' என்ற கேள்வி அவர்களுடன் கூடவே குடியிருக்கிறது.

அக்கேள்விக்கு நடுவே வளர்ந்த ஒரு பெண்ணைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம். அவள் நம் நாட்டவள் அல்லள். மேரி பாஷ்கிர்ட்செவ் என்பது அவள் பெயர். அன்று ருஷ்யப் பேரரசிலும் இன்று உக்ரேன் நாட்டிலும் அடங்கிய பொல்தாவா வட்டாரத்தில் ஒரு நிலக்கிழாரின் மகளாக 1858 நவம்பரில் பிறந்தாள். தந்தைக்கும் தாய்க்கும் ஒத்துவரவில்லை. பெண் சிறு குழந்தையாக இருந்தபோதே தாய் பிறந்தகம் திரும்பிவிட்டாள். பின்னர் 1870-ஆம் ஆண்டில் தாய், தாயின் சகோதரி, பாட்டனார், குடும்ப வைத்தியர், பணியாட்கள் எனப் பெரியதொரு பரிவாரமே ருஷ்யாவை விட்டுப் புறப்பட்டது. வியன்னா, பாடன்-பாடன், ஜெனீவா என்று தங்கித் தங்கி, முடிவில் தென் பிரான்சின் கடற்கரை நகரமாகிய நீஸில் வந்து குடியேறியது.

நீஸ் நகரம் அந்நாளில் ஐரோப்பியச் செல்வர்களின் குளிர்கால வாசத்தலம். ஆங்கிலச் சீமான்களும் ருஷ்யப் பிரபுக்களும் கடலோர வீதியில் மாலைதோறும் வண்டியில் உலாவருவர். பாஷ்கிர்ட்செவ் வீட்டாரிடம் பணம் இருந்தது; மாளிகை இருந்தது; குதிரை வண்டியும் இருந்தது. இல்லாதது ஒன்றே. மதிப்புள்ள ருஷ்யக் குடும்பங்கள் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கணவனைப் பிரிந்து வாழும் மனைவி. முதிய செல்வரொருவரை மணந்து அவர் சொத்தைப் பெற்ற சகோதரி. அச்சொத்தின் பேரில் ருஷ்யாவில் ஒரு வழக்கு. போதாக்குறைக்கு ஊரெல்லாம் வம்பு வளர்க்கும் ஒரு தாய்மாமன். இவ்வளவும் இருக்க, யார்தாம் வருவர்? பெரியவர்கள் இதைச் சீட்டாட்டத்திலும் உணவிலும் மறந்திருந்தனர். பெண் மறக்கவில்லை. மற்ற வீடுகளின் விருந்து விளக்குகளைத் தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்து அவள் பொருமியதெல்லாம் நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறதெனில், அவள் எழுதி வைத்தாள்.

1873 ஜனவரியில், பதினான்கு வயதில் அவள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். அதுவும் பிரெஞ்சு மொழியில். சாகும் தறுவாய் வரையில், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அப்பழக்கம் விடாது தொடர்ந்தது. இன்று எஞ்சியிருக்கும் கையெழுத்துக் குறிப்பேடுகள் எண்பதுக்கும் மேற்பட்டவை. நாட்குறிப்பு எழுதிய கன்னியர் அக்காலத்து ஐரோப்பாவில் எத்தனையோ பேர். நல்ல வீட்டுப் பெண்ணின் பயிற்சிகளில் அதுவும் ஒன்று. தாயார் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். மேரியின் ஏடு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது பிறர் படிக்க வேண்டும், அச்சாக வேண்டும், தன் பெயர் உலகில் நிற்க வேண்டும் என்ற ஆசையோடு எழுதப்பட்டது. ஆசையை ஒளிக்காமலே எழுதினாள். தற்பெருமை, பொறாமை, வண்ண உடைகளின் மேல் இருந்த மோகம், வீட்டாரிடம் கோபம் எல்லாம் அதில் அப்படியே கிடக்கின்றன. படிப்பவருக்குச் சில இடங்களில் எரிச்சலும் உண்டாகத்தான் செய்கிறது. எங்களுக்கும் உண்டாயிற்று.

அந்த ஏட்டின் தொடக்கப் பக்கங்களை ஆள்பவர் ஓர் ஆங்கிலச் சீமான். ஸ்காட்லாந்தின் முதன்மையான கோமகன்களில் ஒருவரான பன்னிரண்டாம் ஹாமில்டன் டியூக் அவர். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. குதிரைப் பந்தயமும் சூதும் ஊதாரித்தனமும் அவருடைய புகழ். 1867-இல் இங்கிலாந்தின் பெரிய தடைதாண்டும் பந்தயத்தில் வென்ற கார்ட்டால்வின் என்னும் குதிரை அவருடையது. மூதாதையர் பல தலைமுறையாகச் சேர்த்த அரும்பொருள்களைக் கடனுக்காக 1882-இல் ஏலத்தில் விட்டவரும் அவரே. நீஸ் நகரில் அவருக்கு ஆசைநாயகி ஒருத்தி இருந்தாள். ஊரார் அனைவரும் அறிந்த செய்தி அது, மேரியும் அறிவாள். அறிந்தும் என்ன! கடற்கரை வீதியில் அவர் வண்டி கடந்து செல்லும் அரை நிமிடத்துக்காக அவள் நாள் முழுதும் காத்திருந்தாள். அவரைத் தனக்குக் கணவனாகத் தரும்படி இரவில் மண்டியிட்டு இறைவனை வேண்டினாள். அவருடன் ஒரு சொல்லும் அவள் பேசியதில்லை. அப்படி ஒரு சிறுமி இருப்பதே அவருக்குத் தெரியாது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு ஆங்கில ஆசிரியை பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னாள். ஹாமில்டன் கோமகனுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டதாம். மணப்பெண் மான்செஸ்டர் கோமகனின் மகளாம். மேரி புத்தகத்தை முகத்தருகே உயர்த்திக்கொண்டாள். முகம் சிவந்ததை ஆசிரியை காணக்கூடாதல்லவா? பாடம் தொடர்ந்து நடந்தது. அன்றிரவு ஏட்டில் நெஞ்சைத் திறந்து கொட்டிவிட்டாள். டிசம்பரில் கோமகனின் திருமணமும் நடந்தேறியது.

இம்மட்டில் இது பேதைப் பருவத்து மயக்கம், வேறொன்றுமில்லை. நாம் இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் வேறு. மேரி தன் பழைய ஏடுகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பழக்கமுடையவள். படித்து, ஓரங்களில் தேதியிட்டுக் குறிப்பும் எழுதுவாள். கோமகனைப் பற்றிய பக்கங்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து அவள் எழுதிய குறிப்பில் அழுகையும் இல்லை, மறுப்பும் இல்லை. தெருவில் ஏதோ பத்துப் பன்னிரண்டு முறை பார்த்த ஒரு மனிதருக்காகவா இத்தனை, அவரை எனக்கும் தெரியாது, என்னை அவருக்கும் தெரியாது என்ற கருத்துப்படத் தன்னையே நகைத்துக்கொள்கிறாள். பழைய பக்கத்தை அவள் கிழித்தெறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பித்துப் பிடித்த சிறுமியும் அவளை எடைபோடும் மங்கையும் ஒரே தாளில் அருகருகே நிற்கின்றனர்.

இவ்விடத்தில் நம் நாட்டைச் சேர்ந்த ஒருவரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொல்கத்தா ராம்பகான் தத்தர் குடும்பத்தில் 1856-இல் தோன்றிய தோரு தத் அம்மையார், 1869-இல் பெற்றோருடன் ஐரோப்பா சென்றபோது முதலில் தங்கியது இதே நீஸ் நகரில்தான். அங்கே ஒரு பள்ளியில் சில மாதம் பிரெஞ்சு பயின்றார். பாஷ்கிர்ட்செவ் பரிவாரம் அந்நகரை எட்டுவதற்கு முன்பே தத்தர் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து தாயகம் திரும்பிய தோரு அம்மையார், 1877-இல் இருபத்தோராம் வயதில் காசநோயால் மறைந்தார். அவர் பெட்டியில் கிடைத்த பிரெஞ்சுப் புதினமொன்று 1879-இல் பாரிஸில் அச்சாயிற்று. அதன் வடிவம் நாட்குறிப்பு. அதை எழுதுபவளாக வரும் கதாநாயகி ஒரு பதினைந்து வயதுக் கன்னி. அவள் மனத்தைப் பறிகொடுப்பது ஓர் இளம் பிரபுவிடம். அப்பிரபுவின் மனமோ மாளிகைப் பணிப்பெண்ணிடம். ஒருவரையொருவர் அறியாத இரு பெண்கள், ஏறத்தாழ ஒரே காலத்தில், தாய்மொழியல்லாத ஒரே மொழியில் இவ்வாறு எழுதிக்கொண்டிருந்தனர். ஒருத்தி கற்பனையாக, மற்றொருத்தி உள்ளதை உள்ளபடி. கொல்கத்தா நேயர்கள் மாணிக்தலா கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றால் தோரு அம்மையாரின் கல்லறையைக் காணலாம்.

மேரியின் கதைக்குத் திரும்புவோம். 1876-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பத்தார் ரோமாபுரிக்குச் சென்றனர். மேரிக்கு வயது பதினேழு. பாட்டும் படமும் கற்றுக்கொள்ளவே போனார்கள் என்று சொன்னாலும், வரன் தேடுவது உள்நோக்கம் என்பதை அவள் மறைக்கவில்லை. அந்நாளைய ரோமாபுரி இரண்டுபட்டுக் கிடந்தது. 1870 செப்டம்பரில் இத்தாலியப் படை நகரைக் கைப்பற்றிய பின், போப்பாண்டவர் வத்திக்கானை விட்டு வெளிவருவதில்லை என்றிருந்தார். நகரத்துப் பெருங்குடியினரில் அவர் பக்கம் நின்றவர்களைக் 'கறுப்பர்' என்றும், இத்தாலிய மன்னர் பக்கம் சேர்ந்தவர்களை 'வெள்ளையர்' என்றும் அழைத்தனர். கறுப்பர் பக்கத்தின் தூண், கர்தினால் ஜாக்கொமோ அன்டொனெல்லி. ஒன்பதாம் பயஸ் போப்பாண்டவரின் வெளிவிவகாரம், பணம், இரகசியம் அனைத்தும் கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர் கையில். அன்டொனெல்லி வீட்டார் ஆதிப் பிரபுக்கள் அல்லர். சொன்னீனோ என்னும் மலையூரிலிருந்து வந்து, கர்தினாலின் செல்வாக்கால் கவுண்ட் பட்டம் பெற்றவர்கள். பட்டம் புதிதாக இருக்க இருக்க அதன் பெருமை பேசுவதும் மிகுதியாக இருக்குமென்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

கர்தினாலின் உடன்பிறந்தார் மகன் பியட்ரோ அன்டொனெல்லி. 1853-இல் பிறந்தவன்; இருபத்துமூன்று வயதை எட்டிக்கொண்டிருந்தான். பிப்ரவரி மாதத்து முகமூடித் திருவிழாவில் கார்ஸோ வீதியெங்கும் மலரும் மாவுருண்டையும் வீசி விளையாடும் கூட்டத்திடையே அவன் மேரிக்கு அறிமுகமானான். பிறகு அவள் வண்டி போகும் இடமெல்லாம் அவன் குதிரை போயிற்று. இம்முறை அவள் மயங்கியது தொலைவில் கண்ட உருவத்திடம் அன்று. எதிரில் நின்று பேசுகிறவன், காதல் சொல்கிறவன், இன்று சொன்னதை நாளை மறக்கிறவன். வேலை ஏதுமில்லை, கையில் சொந்தப் பணமும் இல்லை. அவனை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டி வீட்டார் ஒரு மடத்துக்குள் சில நாள் இருத்தி வைத்தனர். வெளியே வந்ததும் மறுபடி மேரியின் சன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

இம்மாதங்களின் பக்கங்களே நாட்குறிப்பில் மிகச் சிறந்தவை என்பது எங்கள் எண்ணம். ஒரு நாள் அவனை நேசிக்கவில்லை என்று அடித்துச் சொல்கிறாள். மறுநாள் அவன் வரத் தாமதித்ததற்காகத் துடிக்கிறாள். அதற்கடுத்த நாள், நான் விரும்புவது இவனையா, இவன் பெரியப்பாவின் சிவப்பு அங்கியையா என்று தன்னையே குறுக்குவிசாரணை செய்கிறாள். இவ்வளவு தெளிவாக அறிந்த பின்னும் மனம் அடங்குவதில்லை. அறிவு ஒரு பக்கம் கணக்கெழுத, ஆசை மறுபக்கம் கடன் வாங்கிக்கொண்டே போகிறது. கணக்கும் சரியாக இருக்கிறது, கடனும் ஏறுகிறது.

திருமணப் பேச்சு எழுந்தது. தடைகள் இரண்டு. முதலாவது சமயம். மேரியின் குடும்பம் கிரேக்க முறைக் கிறிஸ்தவம். கர்தினால் வீட்டில் மருமகளாகப் புக வேண்டுமானால் கத்தோலிக்கம் தழுவ வேண்டும். இரண்டாவது, நாம் முதலில் சொன்ன கேள்வி. இவர்கள் யார்? தகப்பனார் எங்கே? ருஷ்யாவில் என்ன வழக்கு? அன்டொனெல்லி வீட்டார் விசாரித்திருக்க வேண்டும். விசாரித்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது தெரிந்ததே. பியட்ரோ தன் வீட்டாரை எதிர்த்து நிற்கவும் இல்லை, பெண்ணிடம் முடியாதென்று சொல்லவும் இல்லை. கர்தினாலின் சம்மதம் வரட்டும், வரும், வந்துவிடும் என்று நாளைக் கடத்தினான்.

மே மாதத்தில் மேரி மீண்டும் ரோமாபுரி வந்தபோது ஓரிரவு, வீட்டார் உறங்கிய பின், தங்கியிருந்த விடுதியின் மாடிப்படி இறங்கி வந்து இருட்டில் அவனைச் சந்தித்தாள். ஒரு முத்தம். அவ்வளவே நடந்தது. ஆனால் அக்காலத்து நெறியில் 'அவ்வளவே' என்ற சொல்லுக்கு இடமில்லை. அவனுக்கு அது ஒரு மே மாதத்து இரவு. அவளுக்கோ, வெளியே தெரிந்தால் எந்த நல்ல வீட்டின் கதவும் திறவாது. நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பானோ என்ற அச்சமும், தானாக இறங்கிப் போனோமே என்ற வெட்கமும் நெடுங்காலம் அவளை அரித்தன. ஆண்டுகள் பல கடந்து ஓவியத்தில் பெயர் பெற்ற பிறகும் அந்தப் படிக்கட்டு ஏட்டில் தலைகாட்டுகிறது.

அவ்வாண்டுக் கோடையில் அவள் செய்த காரியத்தை நாம் வியக்காமல் இருக்க முடியாது. பதினேழு வயதுப் பெண், தகப்பனார் இல்லாத குறையைத் தானே தீர்ப்பதென்று முடிவு செய்து, ருஷ்யாவுக்குப் பயணம் புறப்பட்டாள். பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகாத தந்தையைப் பொல்தாவாவில் சந்தித்து, அவருடைய செருக்கையும் ஏளனத்தையும் பொறுத்து, சிரித்துப் பேசி, வசப்படுத்தி, இலையுதிர் காலத்தில் அவரைப் பாரிஸுக்கு அழைத்தும் வந்துவிட்டாள். கணவனும் மனைவியும் ஒருங்கே நின்றால் குடும்பத்துக்கு ஒரு முகம் கிடைக்குமல்லவா? தூது போகவேண்டிய பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, கல்யாணப் பெண்ணே தூது போனாள்.

அதற்குள் 1876 நவம்பர் 6-ஆம் நாள் கர்தினால் அன்டொனெல்லி காலமானார். பெரியவர் சம்மதம் வேண்டும் என்ற தடை அத்தோடு நீங்கியிருக்க வேண்டும். பியட்ரோ வரவில்லை. கர்தினால் உயிரோடு இருந்தவரை அவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்தது.

பின்னரும் மேரியின் மனம் ஒருவரிடம் சென்றதுண்டு. பாரிஸ் அரசியலில் வாள்வீச்சுக்குப் பேர்போன பால் த கஸன்யாக் என்பவர் அவர். 1878-இல் அவரும் வேறொரு பெண்ணை மணந்தார். அந்த வருத்தத்தையும் ஏடு அறியும். ஆனால் அப்போது அவள் பொழுதெல்லாம் வேறிடத்தில் கழிந்துகொண்டிருந்தது. பாடகியாக வேண்டுமென்ற கனவைத் தொண்டைநோய் கெடுத்துவிட்டது. அதுவே காசநோயின் முன்னறிவிப்பு. 1877 அக்டோபரில் பாரிஸில் ஜூலியன் ஓவியக் கழகத்தில் சேர்ந்தாள். அரசாங்கக் கலைக்கல்லூரி 1897 வரையில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே ஓவியம் கற்க விரும்பிய பெண்கள் ஐரோப்பா எங்குமிருந்து ஜூலியன் கழகத்துக்கு வந்தனர். அங்கே காலை முதல் மாலை வரை அவள் உழைத்தாள். இழந்த ஆண்டுகளுக்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். தனியாகத் தெருவில் நடக்கவும், பூங்காவில் உட்காரவும், கடைகளையும் பழைய வீதிகளையும் நின்று பார்க்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமையில்லாதபோது அவள் எப்படி ஓவியராவது என்று 1879-இல் அவள் கேட்ட கேள்வி பிற்காலத்தில் பலரால் எடுத்தாளப்பட்டது. பெண்ணுரிமைக்குப் பாடுபட்ட யூபர்த்தீன் ஒக்லேர் அம்மையாரின் இதழில் புனைபெயரில் கட்டுரையும் எழுதினாள்.

1884-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட 'ஒரு சந்திப்பு' என்ற அவளது படம் இன்று ஒர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏழைத் தெருவொன்றில் பலகை வேலி ஓரமாக ஆறு சிறுவர்கள் கூடி ஏதோ பெரிய ஆலோசனை நடத்துகின்றனர். கந்தல் சட்டையும் முழங்கால் அழுக்கும் கண்ணுக்கு முன் நிற்கின்றன. கோமகனும் இல்லை, கார்ஸோ வீதியும் இல்லை. படத்தின் வலக்கோடியில், தொலைவில், பின்னல் தொங்க ஒரு சிறுமி மட்டும் தன்போக்கில் நடந்து போகிறாள். அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் மேரி இறந்தாள். இருபத்தாறு வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. பாஸி கல்லறைத் தோட்டத்தில் பெரியதொரு மண்டபம் எழுப்பி வீட்டார் அவளை அடக்கம் செய்தனர்.

மே மாதத்திலேயே அவள் தன் நாட்குறிப்புக்கு ஒரு முன்னுரை எழுதி வைத்திருந்தாள். உள்ளது உள்ளபடி அச்சாக வேண்டும், இல்லாவிடில் இவ்வேட்டுக்குப் பொருளே இல்லை என்பது அதன் சாரம். 1887-இல் ஆந்திரே தெரியே என்ற எழுத்தாளர் பதிப்பிக்க, இரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. ஐரோப்பா முழுதும் அதைப் படித்தது. இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் பெருமகனாரே 1889-இல் அதற்கு மதிப்புரை எழுதினார். இவளிடம் எல்லாத் திறமும் உண்டு, பெண்மை மட்டும் இல்லை என்று ஒரு பத்திரிகையாளர் குறைகூற, அக்குறைகூறலையே எடுத்துக்கொண்டு பெர்னார்ட் ஷா 1891-இல் அவரை ஒரு பிடி பிடித்தார்.

ஆனால் அவர்கள் எல்லோரும் படித்தது மேரி எழுதிய ஏடன்று. தாயார் அதற்குள் தம் கைவரிசையைக் காட்டியிருந்தார். மகளின் வயதில் இரண்டு ஆண்டு குறைக்கப்பட்டது. பதினான்கு வயதில் தொடங்கிய ஏடு பன்னிரண்டு வயதில் தொடங்கியதாயிற்று. கோமகனுக்காக ஏங்கியவள் அதனால் முற்றிலும் குழந்தையாகிவிட்டாள். வீட்டுச் சச்சரவு, வழக்கு, தாய்மாமனின் சேட்டைகள், படிக்கக் கூசும் உண்மைகள் எல்லாம் வெட்டப்பட்டன. தாயாரைக் குறைசொல்லவும் நமக்கு நா எழவில்லை. மகளை இழந்தவர், ஊரார் வாயை அஞ்சி அஞ்சியே வாழ்ந்தவர். ஊரார் மதிப்புக்காகப் பெண்ணின் பிறந்த நாளை மாற்றிச் சொன்ன குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? எனினும் ஒன்று. மேரி தானே தன்மேல் எழுதிய தீர்ப்பைத் தாயார் திருத்திவிட்டார். அது அவருக்கு உரியதன்று.

பிரெஞ்சு தேசிய நூலகத்தில் கிடந்த மூல ஏடுகளை ஒப்பிட்டு, கொலெத் கொஸ்னியே என்ற ஆய்வாளர் 1985-இல் எழுதிய வரலாற்று நூலே இந்தத் திருத்தங்களை உலகறியச் செய்தது. அதன்பின் அன்பர் குழுவொன்று முழு ஏட்டையும் 16 தொகுதிகளாக அச்சிட்டு 2005-இல் நிறைவு செய்தது. எழுதியவள் கேட்டுக்கொண்டபடி நூல் வெளிவர நூற்றிருபது ஆண்டு பிடித்தது. அவள் தீட்டிய படங்களுக்கு அந்தப் பேறும் இல்லை. உக்ரேனுக்கு அனுப்பப்பட்டவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரில் அழிந்தன.

பியட்ரோ என்ன ஆனான் என்று கேட்கும் நேயர்களுக்காக இதையும் சொல்லிவிடுவோம். வேலையற்றுத் திரிந்த அந்த இளைஞர், பின்னர் ஆப்பிரிக்காவுக்குப் பயணம் சென்று, எத்தியோப்பியாவில் இத்தாலிய அரசின் தூதராக உயர்ந்தார். 1889 மே 2-ஆம் நாள் ஊச்சாலே என்ற இடத்தில் மெனெலிக் மன்னருடன் இத்தாலிக்காக உடன்படிக்கை செய்தவர் அவரே. அதன் பதினேழாம் பிரிவு அம்ஹாரிக் மொழியில் ஒரு விதமாகவும் இத்தாலிய மொழியில் வேறு விதமாகவும் இருந்தது. பிற நாடுகளுடன் தொடர்புகொள்ள மன்னர் விரும்பினால் இத்தாலியின் உதவியை நாடலாம் என்றது ஒன்று. இத்தாலியின் வாயிலாகவே நாடவேண்டும் என்பது போல் அமைந்தது மற்றொன்று. இந்த இரண்டாவது பாடத்தைக் காட்டியே எத்தியோப்பியா தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடென்று இத்தாலி உலகுக்கு அறிவித்தது. விஷயம் வெளியானதும் வாக்குவாதம் மூண்டது. தூதரின் சமாதானங்களைச் சிறிதும் ஏற்காது எதிர்த்து நின்றவர் மெனெலிக்கின் அரசியார் தைத்து. 1893-இல் மெனெலிக் உடன்படிக்கையைத் தள்ளினார். 1896 மார்ச் முதல் நாள் அட்வா போர்க்களத்தில் இத்தாலியப் படை முறியடிக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அன்டொனெல்லி 1901-இல் இறந்தார். 1887-இல் அச்சான மேரியின் நாட்குறிப்பில் அவர் பெயர் முழுமையாக இல்லை. பெரிய குடும்பங்களின் மனம் புண்படலாகாதென்று, ஹாமில்டன் கோமகனின் பெயருக்கு ஒரு முதலெழுத்தும், பியட்ரோவின் குடும்பப் பெயருக்கு ஒரு முதலெழுத்துமே இட்டு மூடியிருந்தனர். ஊச்சாலே உடன்படிக்கையில் மட்டும் அவர் பெயர் முழுமையாகவே இருக்கிறது.